மதுரையில் பெட்டியும் பையுமாக: எந்த ஸ்டாண்டு, எந்த வாசல், எந்த நேரம்

மதுரை சின்ன ஊர்தானே, இறங்கினதும் ஒரு டவுன் பஸ் பிடித்தால் எல்லாம் பக்கம்தானே என்று இரண்டு பெரிய சூட்கேஸ், ஒரு தோள்பை, ஒரு சாப்பாட்டுப் பையோடு வந்து இறங்குகிறவர்கள் நிறைய. மதியம் ஒரு மணிக்கு அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்பது பெரியார் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். ஊர் பக்கம்தான், பொய்யில்லை. ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெறுங்கையோடு கால் மணி நேரம். பெட்டியை இழுத்துக்கொண்டு போனால் முக்கால் மணி நேரமும் ஆகும், சட்டையும் நனைந்துவிடும். புறப்படும் முன் யாராவது உட்கார வைத்து நாலு விஷயம் சொல்லியிருந்தால் பாதி நாள் மிஞ்சியிருக்குமே என்ற எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். என் கதை யாருக்கும் உதவாது. ஊர் எப்படி ஓடுகிறது என்பதைச் சொன்னால் அடுத்து வருகிறவர்களுக்காவது உதவும்.

முதலில் மண்டையில் ஏற்ற வேண்டியது, மதுரையில் 'பஸ் ஸ்டாண்டு' என்று ஒன்று கிடையாது. பெரியார் பேருந்து நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தார்கள். இது டவுன் பஸ்ஸுக்கானது. மாட்டுத்தாவணி ஊரின் வடகிழக்கில், பெரியாரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், காரைக்குடி, சிவகங்கை, ராமேஸ்வரம், தூத்துக்குடி, திருச்செந்தூர், திருநெல்வேலி, நாகர்கோவில் வண்டிகள் அங்கே. ஆம்னி பஸ்களுக்கு அதன் பக்கத்திலேயே தனி நிலையம். பலகையில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் என்று எழுதியிருந்தாலும் அதுவும் மாட்டுத்தாவணிதான். அது வேறு ஏதோ ஸ்டாண்டு என்று இறங்காமல் விட்டுவிடாதீர்கள். ஆரப்பாளையம் மேற்குப் பக்கம். திண்டுக்கல், பழனி, கொடைக்கானல், தேனி, போடி, கம்பம், கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் போகிறவர்களுக்கு அதுதான் வாசல். கலெக்டர் ஆபீஸ் பக்கம் அண்ணா பேருந்து நிலையம் என்று இன்னொன்றும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அதில் பெரிதாக வேலையில்லை, ஆனால் ஆட்டோக்காரரிடம் 'பஸ் ஸ்டாண்டு போங்கண்ணே' என்று மொட்டையாகச் சொன்னால் எதில் இறக்குவார் என்பது அவர் இஷ்டம். பெயரைச் சொல்லுங்கள்.

காசும் நேரமும் அதிகம் போவது இந்த இடத்தில்தான். சென்னையிலிருந்து ராத்திரி வண்டியில் வந்து விடியற்காலை மாட்டுத்தாவணியில் இறங்குகிறது ஒரு குடும்பம். அடுத்து கொடைக்கானல். அங்கேயே வண்டி கிடைக்கும் என்று எல்லாப் பெட்டியையும் இறக்கி, ஒவ்வொரு நடைமேடையாக இழுத்துப்போய்ப் பார்த்து, கடைசியில் ஒரு கண்டக்டர் 'கொடைக்கானலா? ஆரப்பாளையம் போகணும்மா' என்பார். அதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும். நாலு பேர், நாலு பெட்டி, கூட ஒரு சின்னப் பிள்ளை என்றால் டவுன் பஸ்ஸில் ஏற மனசு வராது. ஆட்டோவில் இருநூறோ முந்நூறோ கொடுத்து ஊருக்குக் குறுக்கே போக வேண்டும். காலை எட்டரைக்கு மேல் என்றால் கோரிப்பாளையம், சிம்மக்கல் நெரிசலில் இன்னொரு ஐம்பது நிமிடம். ஆக ஒன்றரை மணி நேரமும் முந்நூறு ரூபாயும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்காததற்காகப் போகும். இதைத் தவிர்க்க வழி எளிது. மதுரைக்கு டிக்கெட் போடும்போதே மதுரையை விட்டுப் போகும் வண்டி எந்த ஸ்டாண்டு என்று பார்த்துவிட்டு, தங்குகிற அறையை அதற்கு ஏற்றாற்போல் எடுங்கள். மறுநாள் விடியற்காலை ராமேஸ்வரம் பஸ் என்றால் கோயில் பக்கம் அறை எடுத்துவிட்டு நாலு மணிக்கு எழுந்து ஆட்டோ தேடுவதைவிட, மாட்டுத்தாவணி பக்கமே ஒரு அறை எடுப்பது நிம்மதி. கோயில்தான் முக்கியம், அடுத்து ரயில் என்றால் டவுன்ஹால் ரோடு, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி. அங்கே லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன, ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் நடுவில்.

ரயிலில் வருகிறவர்களுக்கு அடுத்த சிக்கல் வாசல். மதுரை ஜங்ஷனுக்குக் கிழக்கு வாசல் மேலவெளி வீதியில் திறக்கிறது. பெரியார், கோயில், லாட்ஜு வீதிகள் எல்லாம் இந்தப் பக்கம். மேற்கு வாசல் எல்லீஸ் நகர்ப் பக்கம். காளவாசல், பைபாஸ் ரோடு, பழங்காநத்தம் போகிறவர்கள் செயலியில் கார் போட்டால் மேற்கு வாசலில் போடுவது நல்லது; கிழக்குப் பக்க நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கார் போட்டுவிட்டு எந்த வாசல் என்று டிரைவரிடம் சொல்லாமல் இருந்தால் அவர் அங்கிட்டு நிற்பார், நீங்கள் இங்கிட்டு நிற்பீர்கள், நடுவில் நடைமேம்பாலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டியிருக்கும். லிஃப்ட்டும் நகரும் படியும் இருக்கின்றன, ஆனால் எல்லா நடைமேடையிலும் எல்லா நேரமும் ஓடும் என்று நம்பிக் கனமான பெட்டியைக் கட்டாதீர்கள். நிலையத்தை மறுசீரமைக்கும் வேலை நடக்கிறதால் வழிகளும் தடுப்புகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. போன தடவை வந்த ஞாபகத்தில் நடக்காமல், இறங்கின நடைமேடையிலேயே ஒரு போர்ட்டரிடமோ தூய்மைப் பணியாளரிடமோ 'பெரியார் போற வழி எதுங்க?' என்று கேட்டுவிட்டு நகருங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் மாதிரி ராத்திரி வண்டியில் வந்தால் இறங்கும்போது முழுசாக விடிந்திருக்காது. அந்த நேரத்தில் வெளியே வந்ததும் நாலு பேர் பெட்டியின் கைப்பிடியைப் பிடிப்பார்கள். கோபப்பட வேண்டாம், பெட்டியையும் விட வேண்டாம். 'நடந்துதாண்ணே போறேன்' என்று ஒரு வார்த்தை போதும்.

அடுத்து, பெட்டியைக் கழற்றி வைப்பது. மதுரையில் சுற்றிப் பார்க்கிற நாளில் பெட்டி கூடவே இருக்கக் கூடாது. மற்ற யோசனை எல்லாம் இதற்கு அப்புறம்தான். ரயில் பயணியாக இருந்தால் நிலையத்தின் கிளாக் ரூம் இருக்கிறது. பயணச் சீட்டைக் காட்ட வேண்டும், பெட்டி பூட்டியிருக்க வேண்டும். ஜிப் போட்ட பையை அப்படியே நீட்டினால் வாங்க மாட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒவ்வொரு பைக்கும் ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள். ஸ்டேஷன் வாசலில் அவசரத்துக்கு வாங்கினால் விலையும் கூட, பூட்டும் மட்டம். கட்டணம் இருபத்து நாலு மணி நேரக் கணக்கில், உருப்படிக்கு இவ்வளவு என்று போடுகிறார்கள். மூன்று சின்னப் பையை ஒரு பெரிய பைக்குள் திணித்துப் பூட்டினால் அது ஒரே உருப்படி. ரசீதை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். தொலைந்தால் பெட்டியைத் திரும்ப வாங்க எழுதிக் கொடுத்து, அடையாளம் காட்டி, அதற்குள் வண்டி கிளம்பிவிடும். உள்ளே உணவுப் பொருள் வைக்காதீர்கள், எலி பூட்டைப் பார்க்காது. குளித்து மாற்றிக்கொள்ளவும் வேண்டும் என்றால் நிலையத்தின் ரிடையரிங் ரூமை ஐ.ஆர்.சி.டி.சி. மூலம் முன்பதிவு செய்யலாம். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு லாட்ஜுதான் வழி. மதுரையில் பல லாட்ஜுகளில் இருபத்து நாலு மணி நேரக் கணக்கு உண்டு. காலை ஐந்தரைக்கு நுழைந்தால் மறுநாள் ஐந்தரை வரை. சில இடங்களில் மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கு. விடியற்காலை நுழையும்போது இதைக் கேட்காமல் பணம் கட்டினால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை போய்விடும். அறையைக் காலி பண்ணின பிறகும் சாயங்காலம் வரை வரவேற்பில் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், ஆனால் காலி பண்ணும்போது கேட்டால் வருகிற பதில் வேறு மாதிரி இருக்கும்.

கோயிலுக்குப் பெட்டியோடு போகலாம் என்று நினைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீ பிடித்த பிறகு செல்ஃபோன் உள்ளே போகவே முடியாது. வாசலில் சோதனை உண்டு. செருப்பு, ஃபோன், பை வைக்க வாசல்களில் காப்பகம் இருக்கிறது. கைப்பை, சின்ன முதுகுப்பைக்கு அது சரி. பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கோயில் மதிலை ஒட்டிச் சுற்றியிருக்கிற சித்திரை வீதிகளுக்குள் வண்டி விடுவதில்லை, ஆகவே ஆட்டோவும் கோபுர வாசல் வரை வராது. அதற்கு வெளியே உள்ள ஆவணி மூல வீதியிலேயே இறக்கிவிட்டு மிச்சத்தை நீங்கள்தான் இழுக்க வேண்டும். இன்னொரு விஷயம், பலரும் படுகிற அவஸ்தை. நான்கு பக்கமும் வாசல். எந்த வாசலில் செருப்பும் ஃபோனும் வைத்தீர்களோ அதே வாசலில்தான் வெளியே வர வேண்டும். உள்ளே சுற்றிச் சுற்றிப் பிராகாரத்தில் திசை குழம்பி வடக்கில் வைத்துவிட்டுத் தெற்கில் வெளியே வந்தால், மதியம் பதினொன்றரை வெயிலில் கல் பாவிய சித்திரை வீதியில் வெறுங்காலோடு பாதிக் கோயிலைச் சுற்ற வேண்டும். ஃபோனும் கையில் இல்லை, கூட வந்தவர்களைக் கூப்பிடவும் முடியாது. உள்ளே போகும் முன் 'எந்தக் கோபுரத்தில், எத்தனை மணிக்குச் சந்திப்பது' என்று வாயால் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பத்தரைக்கு மேல் வந்து இறங்குகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். பெட்டியை வைத்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, தூங்கி நாலு மணிக்குப் போவதே மேல்.

நடந்து போகிறவர்களுக்கு வழி கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். கிழக்கு வாசலில் வந்து மேலவெளி வீதியைக் கடந்து டவுன்ஹால் ரோட்டில் நேராகக் கிழக்கே. பெருமாள் மேஸ்திரி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, கடைசியில் சித்திரை வீதி. இந்த வரிசை மனப்பாடமானால் பழைய ஊருக்குள் எங்கே நின்றாலும் கோயிலை நெருங்குகிறோமா விலகுகிறோமா என்று வீதிப் பெயரை வைத்தே தெரிந்துவிடும். மேல, கீழ, தெற்கு, வடக்கு என்ற முன்னொட்டை மட்டும் கவனியுங்கள். மேல மாசியும் கீழ மாசியும் கோயிலின் எதிரெதிர்ப் பக்கம். 'மாசி வீதி' என்று மட்டும் முகவரி வாங்கி வந்தவர்கள் நான்கு மாசி வீதியையும் சுற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி டவுன் பஸ். பெட்டியோடு ஏறவே முடியாதா என்றால், ஏறலாம், இடமும் நேரமும் சரியாக இருந்தால். காலை எட்டிலிருந்து பத்து வரையும், சாயங்காலம் நாலரையிலிருந்து ஏழரை வரையும் பள்ளி, கல்லூரி, ஆபீஸ் கூட்டம். அந்த நேரத்தில் பெட்டியோடு ஏறினால் உங்களுக்கும் கஷ்டம், பஸ்ஸில் இருக்கிற எல்லோருக்கும் கஷ்டம். வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டியிருக்கும். விடியற்காலை ஏழு மணிக்கு முன்னால், இல்லை பத்தரை முதல் மூன்றரை வரை, இதுதான் பெட்டிக்காரர் நேரம். அதைவிட முக்கியம், வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுவது. பெரியாரிலும் மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் வண்டி காலியாக வந்து நிற்கும். சிம்மக்கல்லிலோ கோரிப்பாளையத்திலோ நடுவழியில் நின்று கைகாட்டினால் டிரைவர் பெட்டியைப் பார்த்துவிட்டே நிறுத்தாமல் போவார், நிறுத்தினாலும் ஏற இடம் இருக்காது. காலியாக நிற்கும் வண்டியில் முதல் ஆளாக ஏறினால் பெட்டிக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, முன்னால் இன்ஜின் பக்கம் டிரைவருக்கு இடப்புறம். டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வைக்க வேண்டும், கியர்ப் பக்கம் இடிக்கக் கூடாது. இன்னொன்று, கடைசி நீள சீட்டின் முன்னால். துணிப்பை என்றால் சீட்டுக்கு அடியிலும் நுழையும், கெட்டி சூட்கேஸ் நுழையாது. சக்கரம் வைத்த பெட்டியை நிறுத்தி வைத்தால் முதல் பிரேக்கிலேயே அது முன்படி வரை உருண்டு போகும். படுக்க வையுங்கள், அல்லது சக்கரம் பஸ் ஓடும் திசைக்குக் குறுக்காக இருக்கும்படித் திருப்பிக் காலுக்குள் இடுக்கிக்கொள்ளுங்கள். படி உயரம் என்பதால் இருவர் இருந்தால் ஒருவர் மேலே ஏறி வாங்க, ஒருவர் கீழே நின்று கொடுப்பதுதான் முறை. தாழ்தளப் பேருந்து வந்தால் விடவே விடாதீர்கள், அதில் பெட்டியை ஏற்றுவது பாதி வேலை.

பஸ் எண்ணை வைத்து ஏறாதீர்கள். ஒரே எண்ணுக்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து மாறினால் போகும் ஊர் மாறும். கூகுள் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பதைவிட, பலகையில் ஊர்ப் பெயரைப் படித்து, ஏறும்போது 'மாட்டுத்தாவணி போகுமாண்ணே, எந்த வழி?' என்று கேட்பது பத்து மடங்கு வேகம். எந்த வழி என்ற கேள்வி முக்கியம். கோரிப்பாளையம் பக்கம் எப்போது எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டமில்லாத நேரத்தில் அரை மணியில் முடிகிற பெரியார் – மாட்டுத்தாவணி, நெரிசலில் ஒரு மணி நேரத்தைத் தொடும். மாட்டுத்தாவணியில் முன்பதிவு செய்த வண்டி இருந்தால் பெரியாரிலிருந்து ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். மழை பெய்திருந்தால் ரயில் பாதைக்கு அடியில் போகிற கர்டர் பாலம் மாதிரி இடங்களில் தண்ணீர் கட்டும், இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. கண்ணாடியில் எழுதியிருக்கும், பல வண்டிகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணமும் அடித்திருக்கிறார்கள். இலவசம்தானே என்று சும்மா உட்காராமல், கண்டக்டர் தரும் கட்டணமில்லாச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டால் சண்டை போடாதீர்கள், சின்னத் தொகைதான். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால்தான் பிரச்சினை. டிக்கெட் பின்னால் எழுதிக் கொடுத்து 'இறங்கும்போது வாங்கிக்கங்க' என்பார். நீங்கள் இறங்கும்போது பெட்டியைப் பார்ப்பீர்களா, மிச்சக் காசைப் பார்ப்பீர்களா? பத்தும் இருபதுமாகச் சட்டைப்பையில் தனியாக வைத்திருங்கள். பர்ஸை எடுக்கவே தேவை வரக் கூடாது, கூட்டத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனின் பின் பாக்கெட்தான் சுலபமான இலக்கு.

ஆட்டோவில் மீட்டர் என்பதை எதிர்பார்க்காதீர்கள். செயலியில் ஒரு தடவை விலையைப் பார்த்துக்கொண்டு, அதைவிட இருபது முப்பது கூட வைத்துப் பேசினால் இரண்டு பேருக்கும் நியாயமான இடத்தில் நிற்கும். பேசும்போதே 'நாலு பேர், நாலு பெட்டி' என்று சொல்லிவிடுங்கள். ஆள் கணக்கில் பேசி முடித்து, பிறகு பின்னாலிருந்து பெட்டி ஒவ்வொன்றாக வெளியே வந்தால் அவர் கேட்கும் கூடுதல் காசை அநியாயம் என்று சொல்ல முடியாது. ஷேர் ஆட்டோ மலிவு, அடிக்கடி வரும், ஆனால் பெட்டியோடு அதில் ஏறினால் ஒரு ஆள் இடத்தைப் பெட்டி தின்கிறது. அந்த இடத்துக்கும் காசு தருகிறேன் என்று முதலிலேயே சொன்னால் ஏற்றிக்கொள்வார்கள். இரண்டு பேருக்கு மேல், பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் என்றால் டவுன் பஸ்ஸும் வேண்டாம், ஷேர் ஆட்டோவும் வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் மிச்சமாவது நூறு ரூபாய், போவது ஒரு நாள் மனநிலை.

வெளியூர் பஸ்ஸில் டிக்கி உண்டு. சாவி கண்டக்டரிடம். ஏறும் முன் அவரைத் தேடிப் பிடித்து, எந்த ஊரில் இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணெதிரே வையுங்கள். கடைசி ஊர் வரை போகிறவர் பெட்டி உள்ளே, நடுவில் இறங்குகிறவர் பெட்டி வாசலோரம். மழைக்காலத்தில் டிக்கிக்குள் தண்ணீர் கசியும், வெயில் காலத்தில் புழுதி நுழையும்; ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டினால் துணி தப்பும். மருந்து, நகை, சார்ஜர், மாற்றுத் துணி ஒன்று, இவை கையோடு இருக்கட்டும். பஸ் எண்ணைப் படம் எடுங்கள். வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது ஒரே நிறத்தில் ஆறு வண்டி நிற்கும். வண்டி பழுதாகி வேறு பஸ்ஸில் மாற்றி ஏற்றிவிட்டால் முதலில் டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள், சீட் பிடிப்பது அப்புறம். இறங்குகிற ஊரில் ஒருவர் முதலில் இறங்கி டிக்கி பக்கம் போய் நிற்க வேண்டும், இன்னொருவர் பஸ்ஸுக்குள் படியோரமே நிற்க வேண்டும். இரண்டு பேரும் இறங்கிவிட்டால் பின்னால் யாரோ விசில் அடித்து வண்டி நகர்ந்துவிடும். மாட்டுத்தாவணியில் சில வண்டிகளுக்கு டிக்கெட்டைப் புறப்படும் முன்பே கொடுத்துவிட்டுக் கண்டக்டர் அங்கேயே இறங்கிவிடுவார். அந்த மாதிரி வண்டியில் நடுவழி நிறுத்தம் கிடையாது, டிக்கியைத் திறக்கவும் ஆள் கிடையாது.

கொடைக்கானலுக்கு நேர்வண்டி கிடைக்காவிட்டால் ஆரப்பாளையத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டாம். வத்தலக்குண்டு போய் அங்கே மாறிக்கொள்ளலாம். மதியத்துக்கு மேல் போகப் போக நேர்வண்டி குறையும், மலைப்பாதை வேறு. காலையிலேயே கிளம்புவது நல்லது. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், அது சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும்தான். அரசு பஸ்ஸில் போகிறவர்கள் அந்தக் கவலை இல்லாமல் ஏறலாம். ராமேஸ்வரத்துக்கு 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடியும் தீவு வரை போகிறது. பெட்டி அதிகம் இருந்தால் மாட்டுத்தாவணி வரை போய்ப் பஸ் பிடிப்பதைவிட ஜங்ஷனிலேயே ரயில் ஏறுவது கைகளுக்கு நல்லது. பஸ்ஸில் போனால், ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டு கோயிலுக்குப் பக்கத்தில் இல்லை, இரண்டு கிலோமீட்டர் போல. அங்கேயும் ஒரு டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தாக வேண்டும். போடிக்கும் 2023 ஜூனிலிருந்து ரயில் ஓடுகிறது. மூணாறு போகிறவர்கள் நேரம் ஒத்துவந்தால் யோசிக்கலாம்.

உள்ளூர் கோயில்களில் அழகர்கோவிலுக்குப் பெட்டியோடு போகாதீர்கள். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், மலையடிவாரம், மேலே பழமுதிர்சோலை. அங்கே குரங்கு அதிகம். பிளாஸ்டிக் பை சலசலத்தாலே உணவு என்று முடிவு பண்ணி இழுக்கும். திருப்பரங்குன்றம் சுலபம், பெரியாரிலிருந்து அடிக்கடி டவுன் பஸ். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகம் ராமேஸ்வரம் போகிற நெடுஞ்சாலைப் பக்கம். போகிற வழிதானே என்று பெட்டியோடு இறங்கிப் பார்க்க நினைப்பவர்கள் உண்டு. விலக்கில் இறங்கி ஊருக்குள் போகும் தூரத்தைப் பெட்டியோடு யோசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பெங்களூர், ஓசூர், சேலம் பக்கத்திலிருந்து தெற்கே போகும் ராத்திரி வண்டியில் மதுரைக்கு டிக்கெட் எடுப்பவர்கள் ஒன்று கேட்டே ஆக வேண்டும்: ஊருக்குள் வருமா, பைபாஸில் இறக்குமா? நான்கு வழிச்சாலை சமயநல்லூரில் விலகி மேற்கே சுற்றிக் கப்பலூரில் சேர்கிறது. நாகர்கோவில் போகும் வண்டி மாட்டுத்தாவணிக்கு வராமலேயே அந்த வழியில் போய்விடும். விடியற்காலை மூன்று மணிக்கு, தெருவிளக்கு அரைகுறையாக எரியும் பாலத்தடியில், குழந்தையும் பெட்டியுமாக இறக்கிவிட்டால் வரும் பயம் சாதாரணமாக இருக்காது. டவுன் பஸ் தொடங்க இன்னும் நேரம் இருக்கும். ஒரே ஒரு ஆட்டோ நின்றால் அவர் சொல்வதுதான் விலை. டிக்கெட் போடும்போதே இறங்கும் இடத்தின் பெயரைப் பாருங்கள். 'மதுரை' என்று மட்டும் போட்டிருந்தால் ஃபோன் பண்ணிக் கேளுங்கள். வேறு வழியில்லாமல் அங்கே இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முன்கூட்டியே கார் சொல்லி வையுங்கள், அல்லது ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடை வெளிச்சத்தில் இறக்கச் சொல்லுங்கள். மாட்டுத்தாவணி ராத்திரி முழுக்க விழித்திருக்கும். அங்கே இறங்கினால் விடியும்வரை உட்காரப் பயமில்லை, பெட்டியில் சாய்ந்து தூங்காமல் இருந்தால் சரி.

விமான நிலையம் தெற்கே, அவனியாபுரம் தாண்டிப் பெருங்குடிப் பக்கம். அருப்புக்கோட்டை ரோட்டில் பெருங்குடி வழியாகப் பஸ் நிறையப் போகும், ஆனால் விலக்கில் இறங்கினால் முனையம் வரை உள்ள தூரத்துக்கு மறுபடி ஆட்டோ. உள்ளே வரை போகும் டவுன் பஸ்ஸை நம்பி விமானத்துக்குக் கிளம்புவது எனக்குச் சம்மதமில்லை. பெட்டி போடும் கவுண்டர் உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். அந்த ஒரு மணி நேரத்தையும் ஊர் நெரிசலையும் கூட்டிப் பார்த்தால் டாக்ஸிக்குக் கொடுக்கிற காசு உறுத்தாது. வந்து இறங்குகிறவர்களுக்கு அவசரமில்லை, அவர்கள் தாராளமாகப் பஸ்ஸை முயன்று பார்க்கலாம்.

நாள் பார்த்து வாருங்கள். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் வண்டி ஓடாது, அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கோரிப்பாளையம், தல்லாகுளம், ஆற்றுப் பாலங்கள் பக்கம் பஸ்ஸெல்லாம் திருப்பிவிடப்படும். லாட்ஜு வாடகையும் அந்த வாரம் ஏறிக் கிடக்கும். திருவிழாவுக்கே வருகிறவர்கள் முதுகில் மாட்டுகிற ஒரே பையோடு வாருங்கள், இழுக்கிற பெட்டி அந்தக் கூட்டத்தில் நாலு பேர் காலைப் பதம் பார்க்கும். பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. விமான நிலையம் போகிற வழியே அதுதான் என்பதால் அன்று காலை விமானம் இருந்தால் ரிங் ரோடு வழியாகச் சுற்றிப் போகச் சொல்லி முந்தின நாளே டிரைவரிடம் பேசி வையுங்கள். மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். அவை ஊருக்கு வெளியே, ஆனாலும் வடக்குப் பக்கச் சாலைகள் நிறைந்திருக்கும்.